சந்திரனுக்குச் சிறு ரோவர்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 ஓகஸ்ட் 23ஆம் திகதி இந்தியாவின் சந்திரயான்-3 இறங்குகலமான விக்ரம் சந்திரனில் தரையிறங்கிய பிறகு, எங்கள் பாடசாலை விஞ்ஞானக் கழகங்களிலும் உயர்தரத் தொழில்நுட்ப வகுப்புகளிலும் ரோவர் (சந்திரத் தரையில் ஊர்ந்து ஆராயும் ஊர்தி) செய்யும் ஆசை பெருகியிருக்கிறது. மிக நல்ல ஆசை. ஆனால் பெரும்பாலான மாதிரிகள் கமராவிலும் கைபேசிச் செயலியிலும் தொடங்குகின்றன. மணலில் இறக்கிய முதல் நிமிடத்திலேயே புதைந்து நின்றுவிடுகின்றன. சந்திரனில் ரோவரை முடக்குவது சில்லின் கீழிருக்கும் மண், தூசி, வெப்பம் ஆகிய மூன்றுமே. நிரலுக்கு நாலாவது இடம். இங்குள்ள பதில்களும் அந்த ஒழுங்கில்தான் போகின்றன.

சிறு ரோவர் என்றால் எவ்வளவு சிறியது?

கறாரான வரையறை இல்லை. 30 கிலோவுக்குக் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். விக்ரமிலிருந்து இறங்கிய பிரக்யான் 26 கிலோ. ஐக்கிய அரபு அமீரகத்தின் ரஷீத் 10 கிலோ. 2024இல் சாங்ஏ-6 உடன் போன சீனச் சிறு ரோவர் ஏறக்குறைய 5 கிலோ. கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த ஐரிஸ் 2 கிலோ. ஜப்பானின் சோரா-கியூ 250 கிராம்தான். 8 சென்ரிமீற்றர் விட்டம், ஒரு தோடம்பழம் அளவு. 1970இல் இறங்கிய சோவியத் லுனோகோட் 1 இன் நிறை 756 கிலோ என்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும்.

சிறியதாகச் செய்வதற்கு முதற் காரணம் பணம். சந்திரத் தரைக்கு ஒரு கிலோ கொண்டுபோக 12 இலட்சம் அமெரிக்க டொலர் என்று அஸ்ட்ரோபோட்டிக் நிறுவனம் விலை அறிவித்திருந்தது. அந்தக் கணக்கில் ஓர் இரும்பு ஆணிக்கும் காரணம் சொல்ல வேண்டும்.

உண்மையில் ஓடியவை எவை?

விரல்விட்டு எண்ணலாம். லுனோகோட் 1 பத்து கிலோமீற்றருக்கு மேல் ஓடியது. 1973இல் லுனோகோட் 2 ஏறக்குறைய 39 கிலோமீற்றர் போனது. யாழ் நகரிலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. 2013 டிசம்பரில் இறங்கிய சீனாவின் யூட்டு 114 மீற்றர் ஓடி, அடுத்த மாதமே நகரும் திறனை இழந்தது. அதே 140 கிலோ வடிவமைப்பில் வந்த யூட்டு-2 2019 ஜனவரி 3ஆம் திகதி சந்திரனின் மறுபக்கத்தில் இறங்கி 1.6 கிலோமீற்றர் தாண்டியது. பிரக்யான் ஒரு சந்திரப் பகலுக்குள் (ஏறக்குறைய 14 பூமி நாள்) ஏறக்குறைய 100 மீற்றர் ஓடியது. பாடசாலைத் திடலின் 400 மீற்றர் ஓடுபாதையில் கால்வாசி. அந்த 100 மீற்றருக்குள் தென்துருவப் பக்கத்து மண்ணில் கந்தகம் இருப்பதை நேரடியாக அளந்து உறுதிப்படுத்தியது.

2024 ஜனவரியில் ஜப்பானின் ஸ்லிம் இறங்குகலத்திலிருந்து விழுந்த சோரா-கியூவையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். உருண்டையாகப் போய், தரையில் இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் சில்லுகளாக்கி ஊர்ந்தது. இறங்கும்போது ஒரு பிரதான எஞ்சினின் குழாய்முனையை இழந்த ஸ்லிம், மூக்குக் குத்தி நின்றது. அந்தக் கோலத்தைப் படமெடுத்தது இந்த 250 கிராம் பொருள்தான். படத்தை அனுப்பத் துணைநின்றது கூடவே இறங்கிய, துள்ளி நகரும் 2.1 கிலோ லெவ்-1.

நிறையச் சிறு ரோவர்கள் தோற்றுப்போனது ஏன்?

பெரும்பாலானவை ஓட வாய்ப்பே கிடைக்காமல் போனவை. ரஷீத் இருந்த ஹகுட்டோ-ஆர் கலம் 2023 ஏப்ரலில் ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பைக் கடந்தபோது தரையின் உயரம் திடீரென ஏறக்குறைய 3 கிலோமீற்றர் மாறியது. மென்பொருள் சரியான அந்த அளவீட்டைப் பிழையென்று ஒதுக்கிவிட்டது. தான் தரையில் நிற்பதாக நம்பிய கலம் உண்மையில் 5 கிலோமீற்றர் மேலே இருந்தது. எரிபொருள் தீர்ந்து விழுந்தது. ஐரிஸ் ஏறிய பெரெக்ரின் கலத்தில் 2024 ஜனவரியில் எரிபொருள் கசிந்து, சந்திரனை எட்டாமலே பூமியின் வளிமண்டலத்தில் எரிந்தது. 2025 மார்ச்சில் அதீனா கலம் பக்கவாட்டில் சாய்ந்து விழ, அதற்குள் இருந்த ஏறக்குறைய 10 கிலோ மாப் ரோவரும் அரைக்கிலோ யாவோக்கியும் வெளியே வர முடியவில்லை. அதே ஆண்டு யூனில் ரெசிலியன்ஸ் கலம் மோத, 5 கிலோ டெனேஷஸ் ரோவரும் அழிந்தது.

மாணவர் மாதிரிக்கும் இதில் ஒரு பாடம் உண்டு: கலத்திலிருந்து இறங்கும் பகுதியையும் வடிவமையுங்கள். சாய்தளம் 20 பாகை சரிந்திருந்தால், ஒரு பக்கம் 10 பாகை திரும்பியிருந்தால், ரோவர் இறங்குமா? பலகை ஒன்றை மேசையில் சாய்த்து வைத்தே இதைப் பார்க்கலாம்.

சந்திர மண் எப்படிப்பட்டது?

சராசரித் துணிக்கை ஏறக்குறைய 0.07 மில்லிமீற்றர், ஒரு தலைமயிரின் தடிப்பு. அங்கே காற்றும் நீரும் இல்லாததால் துணிக்கைகளின் முனைகள் மழுங்கவே இல்லை. உடைந்த கண்ணாடித் துண்டுகள் போல ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும். மேலே சில சென்ரிமீற்றர் தளர்வாகவும் அதற்குக் கீழே இறுக்கமாகவும் இருக்கும்.

இந்தியா தன் சோதனைத் தளத்துக்குத் தமிழ்நாட்டு நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கத்து அனோர்தோசைற்றுப் பாறையை உடைத்து அரைத்துப் பாவித்தது. சந்திர மேட்டுநிலப் பாறையின் இனம் அது. எங்கள் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். அதை அரைத்தால் மிருதுவான தூள்தான் வரும். சில்லு புதைவதைக் காட்டும், உராய்ந்து தேய்ப்பதைக் காட்டாது.

அப்படியென்றால் எந்த மணலைப் பாவிப்பது? மணற்காட்டிலிருந்து அள்ளலாமா?

அள்ள வேண்டாம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றுவது குற்றம். அந்தக் குன்றுகள் வடமராட்சி கிழக்கின் கரையைக் காப்பவையும்கூட. ரோவரை அங்கே கொண்டுபோய் ஓட்டிவிட்டு வாருங்கள். அதைவிட நல்ல திறந்தவெளிச் சோதனைத் தளம் பக்கத்தில் இல்லை. போவதென்றால் காலை 9 மணிக்கு முன் போங்கள். சோளகம் வீசும் மாதங்களில் மதியத்துக்குப் பிறகு மணல் பறந்து கமராவை மறைக்கும்.

பெட்டிக்குக் கட்டடப் பொருள் கடையில் மணல் வாங்குங்கள். உட்பக்கம் 2.4 மீற்றர் நீளம், 0.9 மீற்றர் அகலம் உள்ள பலகைப் பெட்டி. ஒரு முனைச் சுவர் மட்டும் 50 சென்ரிமீற்றர் உயரம், மற்றவை 20. அடியில் தறப்பாள் விரியுங்கள். மணல் 12 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நிரப்ப ஏறக்குறைய 0.26 கன மீற்றர், அதாவது 400 கிலோ அளவில் வேண்டும். சரிவு கட்ட இன்னும் 200 கிலோ. மாடி வகுப்பறையில் வைக்காதீர்கள்.

மணலை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, தறப்பாளில் பரப்பி இரண்டு மூன்று நாள் வெயிலில் காய விடுங்கள். இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். உப்பு கொஞ்சம் இருந்தாலும் இரவு ஈரத்தை இழுத்து மணலை இறுக்கிவிடும். காலையில் அருமையாக ஏறிய ரோவர் பிற்பகலில் புதையும், ஏன் என்று யாருக்கும் விளங்காது. மோட்டரின் தண்டும் துருப்பிடிக்கும். காய்ந்த பிறகு மா அரிக்கும் அரிதட்டில் அரித்து, விழுந்ததை மட்டும் எடுங்கள். சிமெந்துத் தூள் கலக்க வேண்டாம்: ஈரத்தில் இறுகும், நுரையீரலுக்கும் கேடு. அரிக்கும்போது தூசி முகக்கவசம் கட்டாயம்.

எங்கள் மணல் உருண்டை. சந்திர மண் கூர். அதனால் இது சரியான நகல் ஆகாது. ஆனால் உலர்ந்த உருண்டை மணல் சில்லுக்குப் பிடி கொடுக்காமல் வழுகும், ஆகவே பரீட்சை கடினமாகவே இருக்கும். அது நல்லது.

சில்லை எப்படிச் செய்வது?

பொம்மைக் காரின் றப்பர் சில்லு சந்திரனில் உதவாது. குளிரில் றப்பர் கண்ணாடி போல இறுகி வெடிக்கும். லுனோகோட், பிரக்யான், ரஷீத் எல்லாமே திடமான உலோக, கலப்புப் பொருள் சில்லுகளையே கொண்டவை.

மூன்று கிலோ பயிற்சி ரோவருக்கு ஓர் அளவு தருகிறோம். 160 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள பீவீசீக் குழாயை 80 மில்லிமீற்றர் அகலத்துக்கு நான்கு வளையமாக வெட்டுங்கள். 9 மில்லிமீற்றர் பிளைவூட்டில் வட்டம் வெட்டி உள்ளே இறுக்கித் திருகாணி போடுங்கள். வளையத்தின் வெளியே 10 மில்லிமீற்றர் உயரமான அலுமினியக் கோணத் துண்டுகளைக் குறுக்காகப் பொருத்துங்கள். ஒரு சில்லுக்கு 24 துண்டு, இடைவெளி ஏறக்குறைய 21 மில்லிமீற்றர்.

24 என்ற எண்ணிக்கைக்குக் காரணம் உண்டு. நெல்வயலில் லாண்ட்மாஸ்டருக்கு இரும்புச் சில்லு மாட்டி உழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தகடு சேற்றை விட்டு எழ முதல் அடுத்த தகடு இறங்கிவிட வேண்டும். இடைவெளி கூடினால், தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் வெறும் வளையம் மணலை முன்னே தள்ளிக் குவிக்கும். சில்லு தான் குவித்த மேட்டையே ஏற முயன்று புதையும். 12 துண்டோடு ஒரு சில்லும் 24 துண்டோடு ஒரு சில்லும் செய்து கைபிடித்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். 12 உள்ளதற்கு முன்னால் மணல் சின்ன அலையாக எழுந்து நகர்வது கண்ணுக்கே தெரியும்.

அகலமா விட்டமா என்ற கேள்விக்கு, இடமிருந்தால் விட்டத்தைக் கூட்டுங்கள். ஒரே அளவு புதைந்தாலும் பெரிய சில்லு முன்னேறத் தள்ளும் மண் குறைவு.

நான்கு சில்லா ஆறு சில்லா?

பிரக்யான் ஆறு. ஐரிஸும் ரஷீதும் நான்கு. 5 கிலோவுக்குக் கீழே நான்கு போதும். ஆனால் நான்கையும் ஒரே விறைப்பான சட்டத்தில் பூட்டினால் மேடு பள்ளத்தில் ஒன்று அந்தரத்தில் சுழலும். இரு பக்கச் சில்லுகளையும் தனித்தனிக் கையில் பூட்டி, இரண்டு கைகளையும் நடுவே ஒரு துலாக்கோலால் இணையுங்கள்: ஒரு பக்கம் மேலெழுந்தால் மறுபக்கம் அதே அளவு கீழிறங்கும், உடல் இரண்டின் சராசரிச் சாய்வில் நிற்கும்.

மோட்டர் எவ்வளவு வலுவானது வேண்டும்?

கணக்குப் பார்த்து வாங்குங்கள். 3 கிலோ ரோவரின் எடை பூமியில் 29.4 நியூற்றன். 20 பாகைச் சரிவில் கீழே இழுக்கும் விசை 10 நியூற்றன். மணலின் தடை எடையில் ஐந்திலொன்று என்று எடுத்தால் இன்னும் 5.5. மொத்தம் 15.5, நான்கு சில்லுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 3.9 நியூற்றன். தகட்டோடு சேர்த்து ஆரை 0.09 மீற்றர், முறுக்கம் 0.35 நியூற்றன் மீற்றர். இரண்டால் பெருக்கி 0.7 என்று வைத்து, நிமிடத்துக்கு 5 சுற்றுச் சுற்றும் 12 வோல்ற் கியர் மோட்டர் தேடுங்கள். வேகம் செக்கனுக்கு 4 முதல் 5 சென்ரிமீற்றர் வரும். மெதுவாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், பிரக்யானின் வேகம் செக்கனுக்கு 1 சென்ரிமீற்றர்தான்.

மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் கியர் மோட்டர்கள் மலிவு என்பதால் எல்லோரும் வாங்குகிறார்கள். மணலில் அவற்றின் பல் உடையும்.

இன்னொரு பொதுவான கோளாறு: மேடேறும்போது ரோவர் நின்று, தானாக மறுபடி தொடங்கும். மோட்டர்கள் இறுகி நிற்கையில் மின்னோட்டம் பல மடங்கு பாய்ந்து பற்றரியின் வோல்ற்றளவு சரிகிறது. நுண்கட்டுப்படுத்தி அணைந்து மீள்கிறது. நிரலில் பிழை தேடி நாட்களை வீணாக்காமல், கட்டுப்படுத்திக்குத் தனி வோல்ற்றளவு சீராக்கி போட்டு, மோட்டர் வழங்கலில் 1000 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றை வையுங்கள். பற்றரி வயரில் உருகி இல்லாமல் எதையும் இயக்காதீர்கள்.

வழுக்கலை எப்படி அளப்பது?

முதலில் சிமெந்துத் தரையில் சில்லு சரியாக 2 சுற்று சுற்றும்போது போகும் தூரத்தை அளவுங்கள். மேலே சொன்ன சில்லுக்கு ஏறக்குறைய 112 சென்ரிமீற்றர் வரும். பிறகு மணலில் அதே 2 சுற்று. 84 சென்ரிமீற்றர் போனால் 28 குறைவு. 28ஐ 112ஆல் வகுத்தால் 0.25. வழுக்கல் 25 வீதம்.

சரிவுக்குப் பெட்டியைத் தூக்க முடியாது. மணலையே உயரமான முனைச் சுவரோடு சேர்த்துச் சரிவாகக் கட்டுங்கள். 1 மீற்றர் கிடை நீளத்துக்கு 27 சென்ரிமீற்றர் உயர்ந்தால் 15 பாகை; 36 உயர்ந்தால் 20 பாகை.

ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன் மணலை முள்வாரியால் அடிவரை கிளறி, மேசன்மார் பாவிக்கும் மட்டப்பலகையால் ஒரே ஒரு முறை இழுத்து மட்டமாக்குங்கள். அமுக்காதீர்கள். முந்தைய ஓட்டத்தின் தடத்திலேயே ஓட்டினால் மணல் ஏற்கெனவே இறுகியிருக்கும், முடிவு பொய் சொல்லும். ஐந்து முறை ஓட்டி ஐந்தையும் எழுதுங்கள், நல்லதை மட்டும் எழுதாதீர்கள்.

வழுக்கல் 60 வீதத்தைத் தாண்டினால் மோட்டரை நிறுத்த நிரலில் கட்டளை இருக்க வேண்டும். புதைந்த சில்லைத் தொடர்ந்து சுற்றினால் அது தனக்கே குழி தோண்டும். வந்த தடத்திலேயே பின்னோக்கி வருவதுதான் வழி. 2023 ஓகஸ்ட் 27ஆம் திகதி 3 மீற்றர் முன்னால் 4 மீற்றர் விட்டமுள்ள பள்ளம் ஒன்று தென்பட்டபோது பிரக்யானுக்கு வந்த கட்டளையும் அதுதான்: வந்த வழியே திரும்பு.

சந்திரனில் ஈர்ப்பு ஆறில் ஒன்றுதானே, அங்கே சுலபமாக ஓடாதா?

சரிபாதி உண்மை. 6 கிலோ ரோவர் அங்கே 9.7 நியூற்றன்தான் எடை. பூமியில் 1 கிலோ மாதிரியின் எடை. ஆனால் மணலும் அங்கே ஆறில் ஒரு பங்கு எடைதான், துணிக்கைகளை ஒன்றோடொன்று அழுத்தும் விசையும் குறைகிறது. எனவே 1 கிலோ மாதிரியை இங்கே ஓட்டிப் பெறும் முடிவு உண்மையைவிட நன்றாகத் தெரியும். நிறை குறைத்து ஒரு முறை, முழு நிறையோடு ஒரு முறை சோதியுங்கள். இரண்டிலும் 15 பாகை ஏறும் சில்லை நம்பலாம்.

நிலைத்தடுமாற்றத்தையும் மறக்கக்கூடாது. எடை குறைந்தாலும் நிறை குறையாது. வேகமாகத் திரும்பினால் சாய்ந்து கவிழ்வது அங்கேதான் சுலபம்.

தூசி அவ்வளவு ஆபத்தா?

லுனோகோட் 2 இன் கதையைக் கேளுங்கள். 1973 மே மாதம் ஒரு பள்ளத்துக்குள் இறங்கியபோது, அதன் திறந்த மூடி பள்ளச் சுவரில் பட்டு மண்ணை அள்ளிக்கொண்டது. மூடியின் உட்பக்கம் சூரியத் தகடு. இரவுக்கு மூடியை மூடியபோது அந்த மண் மேலிருந்த வெப்ப வெளியேற்றித் தட்டில் கொட்டியது. மறுபகலில் வெப்பம் வெளியேற முடியாமல் உள்ளே ஏறி, ரோவர் முடிந்தது. 39 கிலோமீற்றர் ஓடிய வாகனத்தை முடித்தது ஒரு கைப்பிடி மண்.

தோட்டத்துச் செம்மண் புழுதி வெள்ளை வேட்டியில் பிடித்தால் எப்படிப் போகாதோ, அதைவிட மோசமாகச் சந்திரத் தூசி ஒட்டும். மின்னேற்றம் பெற்றிருப்பதால் செங்குத்தான பரப்பிலும் தங்கும். ஊதித் தள்ளக் காற்றும் இல்லை.

இங்கே சோதிக்க: மூடியுள்ள ஒளிபுகும் பிளாஸ்ரிக் பெட்டியில் 200 கிராம் நுண்ணிய செங்கல் தூள், பழைய கணினி விசிறி ஒன்று, அதற்குள் உங்கள் மோட்டர். 20 மணித்தியாலம் ஓட விடுங்கள். சுமையில்லாமல் ஓடும்போது எடுக்கும் மின்னோட்டத்தை முன்பும் பின்பும் அளவுங்கள். ஐந்திலொரு பங்குக்கு மேல் கூடினால் தண்டு வழியே தூள் உள்ளே போயிருக்கிறது. தண்டைச் சுற்றிப் பஞ்சணை வளையம் ஒன்று, அதற்கு வெளியே மூடித்தட்டு ஒன்று என இரண்டு தடுப்பு வையுங்கள். கிறீஸ் பூசித் தடுக்க முயல்வது நடக்கும் தவறு. தூள் கிறீஸோடு சேர்ந்து அரைக்கும் களியாகிவிடும்.

பகல் வெப்பமும் இரவுக் குளிரும்?

சந்திரனின் மத்திய கோட்டுப் பகுதியில் பகலில் தரை 120 பாகை செல்சியஸ் வரை சுடும்; இரவில் சைபருக்குக் கீழே 130 பாகையையும் தாண்டி இறங்கும். இடத்துக்கு இடமும் ஆழத்துக்கு ஆழமும் மாறும்: விக்ரமின் வெப்ப ஊசி மேற்பரப்பில் 50 பாகைக்கு மேலும், 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் சைபருக்குக் கீழே 10 பாகை அளவிலும் காட்டியது. ஒரு சாண் ஆழம்கூட இல்லை, 60 பாகை வித்தியாசம்.

பகலில் மேற்காவுகை (காற்று வெப்பத்தைக் காவிச் செல்வது) இல்லாததால் வெப்பம் கதிர்வீசலால் மட்டுமே வெளியேறும். 40 பாகையில் உள்ள, வெயில் படாத, வானத்தைப் பார்க்கும் 100 சதுர சென்ரிமீற்றர் நல்ல பரப்பு ஏறக்குறைய 4 வாற்று வெளியேற்றும். உள்ளே 10 வாற்று எரிந்தால் குறைந்தது 250 சதுர சென்ரிமீற்றர் வேண்டும். விசிறி உதவாது.

இரவுதான் சிறு ரோவரின் எல்லை. அது 14 நாளுக்கு மேல், ஏறக்குறைய 354 மணித்தியாலம். உள்ளே சூடாக வைத்திருக்க 1 வாற்று மட்டும் போதும் என்று வைத்தாலும் 354 வாற்று மணி சக்தி வேண்டும். சாதாரண 18650 இலிதியம் மின்கலம் ஒன்றில் 10.8 வாற்று மணி. 33 மின்கலம், ஒன்றரைக் கிலோ. 2 கிலோ ரோவர் இதைச் சுமக்க முடியாது. உடல் சிறிதாகச் சிறிதாகக் கனவளவுக்கு ஒப்பான மேற்பரப்பு கூடுவதால் குளிர்வதும் வேகம். லுனோகோட்டில் பொலோனியம்-210 வெப்பமூட்டி இருந்தது; யூட்டு-2 இலும் கதிரியக்க வெப்பமூட்டி உண்டு. பிரக்யானில் இல்லை. செப்டெம்பர் 2ஆம் திகதி பற்றரி நிறைந்த நிலையில் உறக்கத்துக்கு அனுப்பினார்கள். 22ஆம் திகதி விடிந்தபோது அது எழவில்லை. ஒரு பகலுக்கென்றே செய்த வாகனம் தன் வேலையை முடித்திருந்தது. இதைத் தோல்வி என்று எழுதும் கட்டுரைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

குளிரை யாழ்ப்பாணத்தில் எப்படிச் சோதிப்பது?

மீன் வாடிகளுக்குப் போகும் பார் ஐஸ், ஆனையிறவு உப்பு. நொருக்கிய ஐஸ் மூன்று பங்கு, உப்பு ஒரு பங்கு என்று றெஜிபோம் பெட்டிக்குள் கலந்தால் சைபருக்குக் கீழே 20 பாகைக்குக் கிட்டப் போகலாம். மின்சுற்றையும் வெப்ப உணரியையும் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதி இரண்டோடு இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டி உள்ளே புதையுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து வேலை செய்கிறதா பாருங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள்; எங்கள் காற்றின் ஈரம் சுற்றின் மேல் உடனே வியர்க்கும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

குளிர்ந்த இலிதியம் கலத்தைச் சைபர் பாகைக்குக் கீழே ஒருபோதும் மின்னேற்ற வேண்டாம். உள்ளே இலிதியம் உலோகமாகப் படிந்து பின்னர் குறுக்குச்சுற்றாகித் தீப்பிடிக்கலாம்.

வெற்றிடத்தை?

குளிர்சாதனப் பெட்டிக் கொம்பிரசர் போதாது. ஏசி திருத்துபவர்கள் வைத்திருக்கும் இரண்டு கட்ட வெற்றிடப் பம்பை இரவல் கேளுங்கள். தடித்த உருக்குக் குக்கர், 20 மில்லிமீற்றர் தடிப்பான அக்கிறிலிக் மூடி, றப்பர் வளையம். 22 சென்ரிமீற்றர் மூடியின் மேல் வளிமண்டலம் ஏறக்குறைய 390 கிலோ பாரம் போல் அழுத்தும். கண்ணாடி மூடி கூடவே கூடாது, ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் இயக்கவும் கூடாது. உள்ளே 1 வாற்று எரிக்கும் தடையியில் வெப்ப உணரியை ஒட்டி, காற்றோடும் காற்றில்லாமலும் அளவுங்கள். இரண்டு வரைபுகளையும் பக்கத்தில் வைத்தால் மேற்காவுகை என்ற பாடம் வேறு விளக்கம் கேட்காது.

தாமதத்தோடு ஓட்டுவது எப்படி?

ஒளி 384,400 கிலோமீற்றர் போக 1.28 செக்கன், கட்டளை போய்ப் படம் வர 2.56 செக்கன், அதோடு இடைநிலையங்களின் தாமதம். பிரக்யான் நேரடியாகப் பூமியோடு கதைக்கவில்லை. விக்ரமோடு மட்டும் கதைத்தது.

பயிற்சி: நிரலில் 3 செக்கன் தாமதம் போடுங்கள். ஓட்டுபவர் வேறு அறையில், 10 செக்கனுக்கு ஒரு நிழற்படம் மட்டும் பார்த்து ஓட்டட்டும். இரவில் எல்லா விளக்கையும் அணைத்து, ஒரே ஒரு விளக்கைத் தரையோடு தாழ்வாகப் பக்கவாட்டில் வையுங்கள். காற்று ஒளியைச் சிதறடிக்காத சந்திரனில் நிழல் கரிக்கட்டி போல இருக்கும். நிழலுக்குள் கல்லா குழியா என்று தெரியாது. விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால் எல்லாம் வெளுத்து மேடு பள்ளமே மறையும். பக்கவாட்டு ஒளியில் ஓட்டுவதே நல்லது.

திசைகாட்டி அங்கே உதவாது, சந்திரனுக்கு முழுமையான காந்தப்புலம் இல்லை. ஜீபீஎஸ்ஸை நம்பியும் மாதிரி செய்யாதீர்கள். சில்லுச் சுற்றை எண்ணினால் வழுக்கல் ஏமாற்றும். படங்களில் கற்கள் நகர்ந்த அளவையும் சூரியன் நிற்கும் திசையையும் சேர்த்தே இடம் கணிக்கிறார்கள்.

ஆர்டுயினோ நுண்கட்டுப்படுத்திப் பலகை போதுமா?

பயிற்சிக்குத் தாராளம். சந்திரனுக்குப் போகும் கருவியில் கதிர்வீசல் நினைவகத்தில் ஒரு பிட்டைப் புரட்டும், சில வேளை சிப்பை இறுகப் பூட்டி மின்னோட்டத்தை எகிறச் செய்யும். நிரல் உறைந்தால் தானே மீளத் தொடக்கும் காவல் நேரமானியும், மின்னோட்டம் எல்லை மீறினால் மின்னை வெட்டி மீளத் தரும் சுற்றும் இப்போதே பழகுங்கள்.

அவை இறங்கிய இடங்களை இங்கிருந்து பார்க்கலாமா?

இடங்களைப் பார்க்கலாம், ரோவர் தெரியாது. 10 சென்ரிமீற்றர் தொலைநோக்கியில்கூட ஏறக்குறைய 2 கிலோமீற்றருக்குக் குறைந்தது பிரிந்து தெரியாது.

பூரணை விடுமுறை நாளில் பொழுதுபட்டதும் கிழக்கே பாருங்கள். புத்தகப் படங்களில் மேலே இருக்கும் சந்திரனின் வடக்கு, எங்கள் அகலாங்கில் சந்திரன் உதிக்கும்போது இடப்பக்கம் இருக்கும். இடது கீழ்ப் பக்கம் தெரியும் பெரிய கருமை மழைக்கடல். லுனோகோட் 1 உம் யூட்டுவும் அங்கேதான். அதற்கு மேலே இடப்பக்கமாக உள்ள வட்டக் கருமை செரெனிட்டாட்டிஸ் கடல் (Mare Serenitatis). அதன் மேல் விளிம்பில் லுனோகோட் 2. வலப்பக்க விளிம்பை ஒட்டி, நடுவுக்குச் சற்று மேலே, வெளிச்சமான மேட்டுநிலத்தில் பிரக்யான் நிற்கிறது.